பூனைக்குச் சர்க்கரை எகிறும்போது: குமரி மாவட்டத்தில் பூனை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைக்கு அருகில் எங்கள் வீட்டில் வளரும் குட்டன் என்ற நாட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகளாகின்றன. அதைக் கேள்விப்பட்டு குளச்சல், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கங்களிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், எங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான். கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. நம் வீட்டுப் பெரியவர்களின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருப்பதும் இதே கணக்குதான்.

பூனைக்கும் சர்க்கரை நோய் வருமா? எப்படித் தெரிந்துகொள்வது?

வரும். ஏழெட்டு வயதைக் கடந்த, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனைகளுக்கு, அதிலும் கருத்தடை அறுவை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகமாக வருகிறது. தோல் அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு ஊசி அடிக்கடி போடப்பட்ட பூனைகளுக்கும் வரக்கூடும். மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போலவே இதிலும் கணையம் சுரக்கும் இன்சுலினை உடல் சரியாக ஏற்பதில்லை. நாளடைவில் கணையமும் களைத்துப் போகிறது.

தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிட வேகமாகக் காலியாவதும், மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவதும், நன்றாகத் தின்றும் பூனை இளைத்துக்கொண்டே போவதும் பொதுவான அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். சர்க்கரையால் நரம்பு தளர்ந்ததன் அடையாளம் அது. எங்களுக்கு முதலில் விஷயத்தைச் சொன்னவை எறும்புகள். பின்கட்டில் குட்டன் சிறுநீர் கழித்த இடத்தில் சாரை சாரையாக எறும்பு மொய்த்ததைப் பார்த்த என் மாமியார்தான், “இதுக்கும் சுகர் இருக்கும் போல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்றார்.

எந்த எண்ணைத் தாண்டினால் சர்க்கரை ஏறிவிட்டது என்று கொள்ள வேண்டும்?

நலமாக உள்ள பூனைக்கு ஏறத்தாழ 70 முதல் 150 வரை இருக்கும். 250 முதல் 290 வரையிலான அளவைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் சர்க்கரையைத் தடுத்து நிறுத்த முடியாமல் அது சிறுநீரில் கலந்துவிடுகிறது. தாகமும் எறும்பும் அதன் பிறகுதான் வருகின்றன. இன்சுலின் போடும் பூனையின் எண்ணை நாள் முழுவதும் 100-இல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது ஆபத்து. நாளின் பெரும்பகுதி 300-க்குக் கீழேயும், மிகக் குறைந்த நேரத்தில் 80-க்கு மேலேயும் இருந்து, பூனை எடை குறையாமல், அளவாகத் தண்ணீர் குடித்து, சுறுசுறுப்பாகத் திரிந்தால், அதை நல்ல கட்டுப்பாடு என்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் 380 என்றார்கள், வீட்டில் பார்த்தால் 210 தான் வருகிறது. எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். பயந்த பூனையின் உடலில் அட்ரினலின் சுரந்து, கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. கூடையில் அடைத்துப் பேருந்தில் ஏற்றி, குரைக்கும் நாய்களுக்கு நடுவே காத்திருக்க வைத்து, பிறகு இருவர் அமுக்கிப் பிடித்து இரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்குக்கூட 300-க்கு மேல் காட்டும். எனவே ஒரே ஒரு ஆஸ்பத்திரி எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டுவதில்லை. ஃபிரக்டோசமைன் என்ற பரிசோதனை முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டுவதால் அன்றைய பயம் அதைப் பாதிப்பதில்லை. உங்கள் ஊர் ஆய்வகத்தில் அதற்கு வழியில்லை என்றால், மாதிரியை வெளியூருக்கு அனுப்பிப் பார்க்க இயலுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சிறுநீரில் தொடர்ந்து சர்க்கரை தென்படுகிறதா என்று பார்ப்பதும் உதவும்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அது பூனையின் உண்மையான அளவைவிடக் குறைத்தே காட்டும். மனித இரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனைக்கோ பெரும்பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கிறது. மனிதர்களுக்கென்று கணக்கிட்ட கருவி இந்த வேறுபாட்டை அறியாது. விலங்குகளுக்கென்றே அமைந்த ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர்கள் உண்டு. அவற்றின் ஸ்ட்ரிப் விலை அதிகம், வெளியூரிலிருந்து வரவழைக்கவும் வேண்டியிருக்கும். நாங்கள் வீட்டில் அப்பாவுக்கு வாங்கிய மீட்டரையே குட்டனுக்கும் வைத்துக்கொண்டோம். எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரே மீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினால், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கை நம்பலாம். நடுவில் மீட்டரை மாற்றினால் பழைய எண்களோடு புதிய எண்களை ஒப்பிட முடியாது.

இரத்தம் எடுக்க ஏற்ற இடம் காது மடலின் ஓரம். அங்கே ஓடும் மெல்லிய நரம்புக்குச் சற்று வெளியே குத்தினால் ஒரு துளி போதும். ஆடி மாதச் சாரலிலும் மார்கழிக் காலையிலும் காது குளிர்ந்திருந்தால் இரத்தம் வராது. இளஞ்சூட்டுத் துணியைச் சிறிது நேரம் காதோடு அணைத்துப் பிடித்தால் வரும். குத்தும் முன் உங்கள் கையைக் கழுவுங்கள். பழம் உரித்த கையால் காதைப் பிடித்து, 480 என்ற எண்ணைக் கண்டு நடுங்கியவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரியை மருத்துவர்கள் பூனைகளுக்கும் ஒட்டுகிறார்கள். முடியை மழித்துத் தோள்பட்டைப் பக்கம் ஒட்டினால் அதிகபட்சம் 14 நாள் குத்தாமலேயே பார்க்கலாம். பல பூனைகள் அதற்கு முன்பே பிறாண்டி எடுத்துவிடும். அது இரத்தத்தை அளக்காமல் தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளப்பதால், சர்க்கரை விரைவாக மாறும் நேரத்தில் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும்.

இன்று காலை 400 காட்டுகிறது. ஊசி அளவைக் கூட்டிப் போடட்டுமா?

கூட்டாதீர்கள். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். குட்டனுக்கு நோய் தெரிந்த இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை 390 காட்டியது. 1.5 யூனிட் போட வேண்டிய இடத்தில் யாரையும் கேட்காமல் 3 யூனிட் போட்டேன். மதியத்துக்குள் அது நடக்கத் தடுமாறி, அலமாரிக்கு அடியில் போய்ச் சுருண்டு, அழைத்தால் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வேளை சர்க்கரை ஏறியிருப்பதால் பூனை இறந்துவிடாது. ஒரு வேளை இன்சுலின் மிகுந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தாலே கை தானாக நின்றுவிடும்.

உயர்ந்த எண்ணைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது, முந்தைய 24 மணி நேரத்தைத் திரும்பிப் பார்ப்பது. நேற்று இரவு ஊசி உண்மையில் தோலுக்கடியில் போனதா, அல்லது மறுபக்கம் குத்தி வெளியேறி முடியில் வழிந்ததா? முடி ஈரமாகி, மருந்து வாடை அடித்தால் அந்த ஊசி உள்ளே போகவில்லை என்று பொருள். அதற்காக உடனே இன்னொரு ஊசி போடக் கூடாது, ஏனென்றால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. குப்பி தீர்ந்து புதியது திறந்தீர்களா? சிரிஞ்ச் மாறியதா? யாராவது பிஸ்கட் போட்டார்களா? காலை உணவு கொடுத்த பிறகு எண்ணைப் பார்த்தீர்களா? இவை எதுவும் இல்லையென்றால், பூனை சோர்ந்திருக்கிறதா, வாந்தி எடுத்ததா, சிறுநீர் கழிக்க முக்குகிறதா என்று பாருங்கள். பூனை நன்றாக இருந்தால் வழக்கமான அளவையே போட்டு, எண்ணையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேளை மீண்டும் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்சுலின் மிகுந்து சர்க்கரை மிகவும் கீழே போகும்போது, உடல் தன்னைக் காத்துக்கொள்ள குளுக்ககான், அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து சர்க்கரையை மேலே தள்ளும். நாம் ஊசிக்கு முன் பார்க்கும் 400, நள்ளிரவில் யாரும் பார்க்காமல் 50-க்கு இறங்கி மீண்டதன் விளைவாகக்கூட இருக்கலாம். இப்படி நடப்பது எல்லாப் பூனைகளுக்கும் வழக்கமானதல்ல. ஆனால் நடந்திருக்கும் பட்சத்தில் அளவைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும், குறைப்பதுதான் மருந்து. நடுவில் உள்ள எண்களைப் பார்க்காமல் இதைக் கண்டறிய வழியில்லை.

நடுவில் உள்ள எண்களைப் பார்ப்பது எப்படி?

வீட்டில் ஆள் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, காலை ஊசிக்கு முன் ஒரு முறையும், அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வீதம் 12 மணி நேரமும் எண்களை எடுத்து எழுதினால், ஒரு வளைவு கிடைக்கும். அதில் மருத்துவர் முதலில் தேடுவது மிகக் குறைந்த எண்ணையும் அது வந்த நேரத்தையும்தான். கீழ்ப்புள்ளி 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் அளவு பொருத்தமாக உள்ளது. கீழ்ப்புள்ளியே 280 என்றால், அப்போதுதான் அளவைக் கூட்டும் பேச்சு வரும். அதுவும் பெரும்பாலும் அரை யூனிட், மிஞ்சினால் ஒரு யூனிட். புதிய அளவுக்கு உடல் பழக ஒரு வாரமாவது தேவை என்பதால் அதற்குள் மீண்டும் மாற்றுவதில்லை. முதல்முறை தொடங்கும் பூனைக்கு வேளைக்கு 1 யூனிட், நாளைக்கு இரு வேளை என்ற அளவில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால், அரை யூனிட் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

மருந்துக்கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் தருகிறார்கள். எதை வாங்குவது?

குப்பியில் எழுதியிருக்கும் எண்ணோடு சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண் ஒத்துப்போக வேண்டும்; வேறு எந்த விதியும் இல்லை. நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள மனித இன்சுலின் குப்பிகள் இன்னும் பரவலாக விற்கப்படுகின்றன. அவற்றுக்கு 40 என்று குறித்த, சிவப்பு மூடியுள்ள சிரிஞ்ச். பூனைகளுக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதித்தரும் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட் கொண்டது; அதற்கு 100 என்று குறித்த, ஆரஞ்சு மூடியுள்ள சிரிஞ்ச்.

கிளார்ஜினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால், பூனைக்குள் போவது 5 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. மாறாக 40 யூனிட் குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 2 வரை இழுத்தால் போவது 0.8 யூனிட்தான், சர்க்கரை இறங்காமல் ஏறியபடியே நிற்கும், நாம் காரணம் தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். எனக்கே ஒரு கடையில் ஆரஞ்சு கேட்டு சிவப்பைக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உறையைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன். ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று மட்டும் கேட்காமல், குப்பியைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி வாங்குவது நல்லது. பூனைக்கு 0.3 மில்லி சிரிஞ்சில், அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் மிகவும் வசதி.

மின்சாரம் அடிக்கடி போகிறது. இன்சுலின் கெட்டுப்போகுமா?

திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திறந்த கிளார்ஜின் குப்பியை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைத்து 28 நாளுக்குள் பயன்படுத்தும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைப்பதே பாதுகாப்பு. உறைநிலைப் பகுதிக்கு அருகில் வைக்கக் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்ப்பதற்குப் பழையபடியே இருந்தாலும் வேலை செய்யாது. கிளார்ஜின் தண்ணீர் போல் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் எறிந்துவிடுங்கள்.

ஓரிரு மணி நேர மின்தடைக்கு ஒன்றும் ஆகாது, பெட்டிக் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது போன்ற நிலைக்கு, மண்பானைதான் துணை. பெரிய பானையில் ஈர மணலை நிரப்பி, அதற்குள் சிறிய பானையை இறக்கி, குப்பியைத் தண்ணீர் படாதபடி ஒரு டப்பாவில் மூடி அதனுள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டால் அறை வெப்பத்தைவிடச் சில டிகிரி குறையும். அந்த நாள்கள் கழிந்து சர்க்கரை காரணமின்றி ஏறத் தொடங்கினால், பூனையைச் சந்தேகிப்பதற்கு முன் குப்பியைச் சந்தேகியுங்கள்.

சோறும் மீனும் கொடுத்து வளர்த்த பூனை. என்ன உணவு கொடுப்பது?

மீனைத் தொடரலாம், சோற்றை நிறுத்த வேண்டும். பூனை ஊன் தின்னப் பிறந்த விலங்கு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதி அதன் உமிழ்நீரில் இல்லை, மிகுந்த சர்க்கரையை விரைவாகப் பிடித்து வைக்கும் ஆற்றலும் அதன் கல்லீரலுக்குக் குறைவு. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. மரச்சீனிக் கிழங்கோ அதையும் மிஞ்சியது. கிழங்கும் சாளைக் கறியும் பிசைந்து வைத்தால் பூனை ஆவலாகத் தின்னும், இரண்டு மணி நேரத்தில் எண் எங்கே போகிறது என்று ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு வைக்க மாட்டார்கள். சர்க்கரை நோயுள்ள பூனைக்கு, உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 12 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வரக் கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

கடையில் விற்கும் உலர் உணவிலும் மாவுச்சத்து மிகுதி. பொட்டலத்தின் பின்னால் அதை அச்சிட மாட்டார்கள், நாமே கணக்குப் போட வேண்டும். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றின் சதவீதங்களைக் கூட்டி 100-இலிருந்து கழியுங்கள். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் கூட்டுத்தொகை 62. மீதி 38 சதவீதம் மாவுச்சத்து. விலை உயர்ந்தது என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடுவதில்லை. ஈர உணவுப் பொட்டலங்களில் பொதுவாக இது குறைவு. ஆனாலும் ‘கிரேவி’ என்றிருப்பவற்றில் மாவு கலந்து கெட்டியாக்கியிருப்பார்கள்.

வீட்டு உணவென்றால் தோல் நீக்கி வேகவைத்த கோழி, கோழி ஈரல் சிறிதளவு, முட்டை, வேகவைத்த அயலை, சாளை ஆகியவை பொருத்தம். மீனை மட்டுமே ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து கொழுப்புத் திசு வீங்கி வலிக்கும் நோய் வரலாம். பச்சையாகக் கொடுத்தால் சில மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். டாரின் என்ற அமினோ அமிலமும் கால்சியமும் வீட்டு உணவில் போதாமல் போவதால், அவற்றைச் சேர்க்கும் அளவை மருத்துவரிடம் கேட்டே வையுங்கள். நாம் உண்ணும் மீன் குழம்பை ஊற்றக் கூடாது. அதிலுள்ள உள்ளியும் வெள்ளைப்பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. இது சர்க்கரை இல்லாத பூனைக்கும் பொருந்தும். கருவாட்டில் உப்பு மிகுதி.

ஒன்றை மறக்க வேண்டாம்: இன்சுலின் போட்டுவரும் பூனைக்குத் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை வேகமாக இறங்கும், பழைய ஊசி அளவு மிகையாகிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு மெலிய வைக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாள் உண்ணாத பருத்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

வெளியே திரியும் பூனை, பக்கத்து வீடுகளிலும் தின்கிறது. என்ன செய்ய?

நோய் நிலைக்கு வரும் வரை வீட்டுக்குள் வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எங்கே எதைத் தின்றது என்று தெரியாத பூனையின் எண்களைப் படிக்க முடியாது. ஊசி நேரத்துக்கு வராத பூனைக்கு மருந்தும் போட முடியாது. அக்கம்பக்கத்தாரிடம் நேரில் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, பாகற்காய்ச் சாறு கொடுக்கலாமா?

சித்த வைத்தியம் வேரூன்றிய மாவட்டம் என்பதால் இதைக் கேட்காதவர் இல்லை. அந்த மருந்துகள் மனித உடலுக்கென்று வகுக்கப்பட்டவை. பூனையின் கல்லீரல் பல பொருள்களை மனிதக் கல்லீரலைப் போல் முறித்து வெளியேற்றுவதில்லை. இன்சுலினோடு சேர்த்துக் கொடுத்தால் எண் எதனால் இறங்கியது என்பதும் தெரியாமல் போகும். கொடுக்க வேண்டாம்.

ஊசிக்குப் பதில் மாத்திரை இல்லையா?

கிளிபிசைடு மாத்திரையைச் சில பூனைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுண்டு, எல்லாவற்றுக்கும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையும், அடுத்த ஆண்டு வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவ மருந்தும் பூனைகளுக்கென்றே அனுமதி பெற்றன. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை இவை. இரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் என்ற அமிலப் பொருள் இரத்தத்தில் ஏறி உயிராபத்து வரக்கூடும் என்பதால், தேர்ந்தெடுத்த பூனைகளுக்கு மட்டும் கண்காணிப்போடு தருகிறார்கள். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கி வைத்த சர்க்கரை மாத்திரையை உடைத்துக் கொடுப்பதற்கு இது அனுமதி ஆகாது.

எவ்வளவு போட்டும் இறங்கவே இல்லை. ஏன்?

முதலில் மருத்துவர் வாயைத் திறந்து பார்க்கட்டும். ஈறு வீங்கி, பல் சீழ் பிடித்திருந்தால் அந்த அழற்சி ஒன்றே இன்சுலினை வேலை செய்யவிடாது. சிறுநீர்ப்பைத் தொற்று, கணைய அழற்சி, தைராய்டு மிகைச் சுரப்பு, சிறுநீரகக் கோளாறு, அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஆகிய ஒவ்வொன்றும் சர்க்கரையை உயர்த்திப் பிடிக்கும். பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி வளர்ந்து வளர்ச்சி ஹார்மோன் மிகுவதும் உண்டு. பிரிட்டனில் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சர்க்கரை நோயுள்ள பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தும் எடை கூடுவதும், தலையும் பாதங்களும் பெரிதாவதும் அதன் குறிப்புகள். இத்தகைய விரிவான பரிசோதனைக்கு நம் மாவட்டத்தவர் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவது வழக்கம். எண்கள் எழுதிய குறிப்பேட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

எந்த நிலையில் காத்திருக்காமல் உடனே கொண்டு போக வேண்டும்?

உயர்ந்த எண்ணோடு பூனை உண்ணாமல் இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, மூச்சு வேகமாகி வாயில் பழுத்த பழம் போன்ற வாடை வந்தாலோ, இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் இரத்தத்தில் தேங்கிய நிலை அது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றாமல் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. மீட்டர் எண்ணுக்குப் பதில் ‘ஹை’ என்று காட்டினாலும் மருத்துவரை அழையுங்கள். கீட்டோனைப் பார்க்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் மருந்துக்கடைகளில் கிடைக்கும். பூனை சிறுநீர் கழிக்கும்போது பின்னாலிருந்து மெதுவாக ஒரு நீண்ட கரண்டியை நீட்டிப் பிடித்தால் இரண்டு துளி கிடைத்துவிடும். கரண்டியைப் பிறகு சமையலறைக்குள் கொண்டுவராமல் இருந்தால் வீட்டில் சண்டை வராது.

சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால்?

60-க்குக் கீழே இறங்கினாலோ, எண் எதுவானாலும் பூனை தள்ளாடினாலோ, உடல் துடித்தாலோ, வலிப்பு வந்தாலோ, தேனைத் தேடுங்கள். மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு இங்கே குறைவு. நடக்கும் நிலையில் இருந்தால் முதலில் உணவு கொடுங்கள், உண்ண மறுத்தால் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேனை விரலால் ஈறில் தடவுங்கள். வலிப்பில் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். கடி வாங்காமல் உதட்டின் உட்புறம் தடவினாலே போதும். தேன் இல்லாவிட்டால் கருப்பட்டிக் கரைசலோ குளுக்கோஸ் பொடியோ உதவும். பூனை தெளிந்தாலும் மருத்துவரிடம் கொண்டு போங்கள், ஏனென்றால் உள்ளே இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்; தேனின் பலன் அதற்கு முன் தீர்ந்துவிடும். அடுத்த ஊசியை அவர் சொல்லும் வரை போட வேண்டாம்.

திருமணத்துக்குப் போய் ஒரு வேளை ஊசி தவறிவிட்டது. இரட்டிப்பாகப் போடலாமா?

கூடாது. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவே போதும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் போடாதீர்கள். பூனை உண்ணாத நாளில் முழு அளவு போடாமல் மருத்துவரை அழையுங்கள். வீட்டில் இருவர் ஊசி போடுவதாக இருந்தால், குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு நாள்காட்டியை ஒட்டி, போட்டவுடன் அடையாளம் இடுங்கள். ஒரே வேளைக்கு இருவரும் போட்ட கதை நான் கேட்டிருக்கிறேன்.

வாழ்நாள் முழுவதும் ஊசிதானா?

கட்டாயம் அப்படியில்லை. நோய் தெரிந்தவுடன் மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினை ஒழுங்காகப் போட்டு, மிகை எடையை மெதுவாகக் குறைத்த பூனைகளில் கணிசமானவற்றுக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், கணையம் தேறி ஊசி தேவைப்படாமல் போகிறது. ஊசி இல்லாமல் நான்கு வாரம் எண்கள் சாதாரணமாக நின்றால் நோய் தணிந்தது என்று கொள்கிறார்கள். எண்கள் தொடர்ந்து 100-ஐ ஒட்டி இருந்தால் மருத்துவர் அளவை அரை யூனிட் வீதம் குறைத்துக்கொண்டு வருவார். நாமாக ஒரே நாளில் நிறுத்துவதில்லை. தணிந்த பிறகும் உணவு முறை மாறக் கூடாது, ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம், வாரம் ஒரு முறையாவது காதைக் குத்திப் பார்க்க வேண்டும். குட்டன் எட்டு மாதம் ஊசி இல்லாமல் இருந்தான். பிறகு கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துச் சர்க்கரை திரும்பியபோது, நான் மீட்டரை எடுப்பதற்கு முன்பே பின்கட்டில் எறும்புகள் வந்துவிட்டிருந்தன.